மூன்றாம் அழைப்பு

நகரி
18.10.1959

கன்னி,

உன் கடிதத்தோடு புதுப் பாடமும் வந்து சேர்ந்தது. அழைப்பை மரியாதையாக மறுப்பது எப்படி என்கிற பாடம். தாள் மடிப்பில் கிழிந்துவிடும் போலிருக்கிறது, அத்தனை முறை படித்துவிட்டேன். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிகிறது. சொற்களும் பாதிக்கு மேல் தெரிகின்றன. ஆனால் பாடம் மட்டும் புரியவில்லை.

முதலில் அழைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு வர முடியவில்லையே என்று வருந்த வேண்டும். பிறகு ஒரு காரணம். கடைசியில் விசேஷம் நன்றாக நடக்கட்டும் என்று வாழ்த்து. அதோடு நின்றுவிடுகிறது. இதற்கு அழைத்தவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இல்லையே. அடுத்த பக்கத்தை உறையில் வைக்க மறந்துவிட்டாயா?

நேற்று எதிர்வீட்டு ரத்தினம்மா அக்கா, பிள்ளைக்குக் காது குத்துகிறோம் என்று அழைக்க வந்தார். அம்மா உள்ளே அடுப்பருகில் இருந்தாள். நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். யாராவது நேராகப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பாடத்தைச் செய்து பார்க்க ஆசை. ராட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கூப்ட்டதுக்கு சந்தோசம் அக்கா. வர முடியலேன்னு வருத்தமா கீது. அன்னிக்கி நூல் சுத்துற வேலை கீது. விசேசம் நல்லபடியா நடக்கட்டும்."

"இன்னாடி, குறி சொல்றவ மாதிரி பேசிக்கினு கீறே," என்றார் அக்கா. பிறகு என் நெற்றியில் குங்குமத்தை வைத்து, "காலையிலயே வந்துடு, மாவு ஆட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் மறுத்திருக்கிறேனா, ஒப்புக்கொண்டிருக்கிறேனா? அம்மாவைக் கேட்டால், "குங்குமத்த வாங்கிகினு இன்னா கேள்வி," என்கிறாள். நீ திருப்பதிக்குப் போய்ப் படிக்கிறாய். நானோ, பள்ளியில் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போன பிறகு எட்டாவதோடு ராட்டைக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இப்படிக் கேட்கிறேன். சிரிக்காமல் பதில் எழுது.

நூல் சுற்றிய கையோடு,
அம்சவேணி

---

திருப்பதி
25.10.1959

அடி அம்சா,

சிரிக்காமல் எழுது என்றாய். மன்னித்துக்கொள், சிரித்துவிட்டேன். எங்களுக்குப் பாடம் எடுக்கும் வார்டன் சென்னம்மா காருவிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை, எனவே வகுப்பில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை. அந்த நான்கும் சொன்னால் பேச்சு முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படித்தானாம். காரணம் சின்னதாக இருக்க வேண்டும், நீட்டினால் பொய் என்று தெரிந்துவிடும் என்று வார்டன் சொன்னார். "வேறு ஒரு சமயம் பார்க்கலாம்" என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாமாம். நீ எழுதியதையெல்லாம் நான் பாடமாகத்தான் படித்துக் காட்டினேன், ஊரைக் கேலி செய்ய அல்ல.

நகரியில் உட்கார்ந்துகொண்டு என் கடிதங்களை வைத்தே ஆங்கிலம் கற்கிறாய் என்று கேட்டதும் வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எட்டாவதோடு நின்ற பெண்ணா? என்ன வயது? வீட்டில் என்ன செய்கிறார்கள்?" என்று ஒரே கேள்வி. எனக்கு இங்கே எங்கள் நைனாவின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் வீடு இருக்கிறது, பகலில் மட்டும் மாதர் கல்வி இல்லத்துக்குப் போய் வருகிறேன். ஆனால் வெளியூர்ப் பெண்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். சோறும் இடமும் இல்லத்துடையது. பாதியில் நின்றவர்களைத்தான் அங்கே முதலில் சேர்ப்பார்கள். இரண்டு வருஷத்தில் பரீட்சை, பிறகு டீச்சர் டிரெயினிங்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். உன் வீட்டு விலாசத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏதாவது வரும். வந்தால் உடனே பதில் போடு.

கன்னியம்மாள்

---

நகரி
9.11.1959

கன்னி,

வந்துவிட்டது. டைப் அடித்த கடிதம். வார்டனுக்குத் தமிழ் எழுத வராது, எங்களுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது என்பதால் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. என் பெயர் அடித்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாது. வேறு யாரோ பெண்ணின் பெயர் போலிருந்தது.

என் நைனாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லாமல் தபாலாபீஸ் நாகபூஷணம் அண்ணனிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார். நான் படித்ததும் அவர் படித்ததும் ஒன்றாகவே இருந்தது. இல்லத்தில் தங்கிப் படிக்க உங்கள் மகளை மகிழ்ச்சியோடு அழைக்கிறோம், இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை அழைத்து வாருங்கள், வர இயலுமா என்று தெரிவியுங்கள். அவ்வளவுதான். ஒரு வரியில்கூட அதிகாரம் இல்லை.

நைனா வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்காமல் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எவ்ளோ மரியாதியா எழுதிகீறாங்க பாரு," என்றார்.

"அனுப்பப் போறியா?" என்றாள் அம்மா.

"கூப்ட்டவொடனே பொட்டிய தூக்கிகினு ஓடுனா, சோத்துக்கு இல்லாதவங்கன்னு நெனச்சிப்பாங்க. மறுதபா எழுதட்டும்."

"மூணாந்தபா எழுதுனா நானே இட்டுகினு போய் வுட்டுட்டு வரேன்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அழுதாளா என்று தெரியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை, கன்னி. இந்த வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதினேன். நன்றி, வருத்தம், காரணம், வாழ்த்து. வீட்டில் நெசவு வேலை இருப்பதால் வர முடியவில்லை என்று காரணம் சின்னதாக வைத்தேன். வேறு ஒரு சமயம் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தேன். நாகபூஷணம் அண்ணன் பார்த்துவிட்டு, "ஒரு தப்பு கூட இல்லம்மா," என்றார். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

தீபாவளிக்குப் பள்ளிப்பட்டு மாமா வந்திருந்தார், அம்மாவின் அண்ணன். ஏப்ரலில் எல்லை மாறினால் அவர் ஊர் மதராஸ் பக்கம் போய்விடுமாம், நகரி ஆந்திராவிலேயே இருக்குமாம். "ஊருங்க பிரிஞ்சா பிரியட்டும், நம்ம பிரிய வேணாம். அம்சாவ எம் புள்ளைக்கு குடு," என்று கேட்டார். "பொண்ணு சின்னது மச்சான்," என்று நைனா சொன்னார். மாமா சிரித்துவிட்டு முறுக்கு தின்றார். அது ஒன்றுமில்லை, முதல் முறைதானே.

வார்டனின் இரண்டாவது கடிதம் எப்போது வரும்? அங்கே குளிர் அதிகமா, கம்பளி கொண்டுவர வேண்டுமா?

அம்சா

---

திருப்பதி
14.11.1959

அம்சா,

என்ன காரியம் செய்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இரண்டாவது கடிதம் வராது. நேற்று வார்டன் உன் பதிலை வகுப்பில் எடுத்து வாசித்தார். எட்டாவது மட்டும் படித்த பெண் எத்தனை அழகாக மறுத்திருக்கிறாள் பாருங்கள், நீங்களும் இப்படி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பிறகு அதைப் பலகையில் குத்திவைத்தார். எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். நானும் எழுதிக்கொண்டேன். உன் இடத்தைப் பலமனேர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் உடனே வருகிறேன் என்று தந்தி அடித்திருக்கிறாள்.

முதலில் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. உனக்கு வர விருப்பமில்லையோ, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்களோ என்று நினைத்தேன். உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்த பிறகுதான் நீ கம்பளி பற்றிக் கேட்டிருப்பது தெரிந்தது.

இங்கே நான் சேர்ந்த புதிதில் நடந்ததை உனக்கு எழுதவே இல்லை, வெட்கம். மதியச் சோறு பரிமாறும்போது வார்டன், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் பாத்திரத்தோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறமும் பல நாள் அப்படித்தான். அரைவயிற்றோடு வகுப்பில் தூங்குவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த சித்தூர்ப் பெண், "பசிச்சா வேணும்னு சொல்லேன்," என்றாள். வார்டன் சித்தூரில் மிஷன் விடுதியில் வளர்ந்தவராம். அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள், ஒரு முறைதான் பதில்.

பாடத்தை அனுப்பியபோது இதையும் எழுதியிருக்க வேண்டும். உனக்குத் தெரியும் என்று ஏன் நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கன்னி

---

நகரி
20.11.1959

கன்னி,

உன் கடிதத்தை நைனாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதுனான்னுதானே பலகையில வெச்சிகீறாங்க, அப்புறம் எதுக்கு எடத்த வேற ஆளுக்கு குடுத்தாங்க?" என்று கேட்கிறார். பாராட்டியிருக்கிறார்கள், அதனால் இடம் போய்விட்டது. இதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

உன்மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால் ஆமாம். நீயும் இந்தத் தெருவில் பிறந்தவள்தானே. எங்கள் வீட்டுக்கு வந்தால், வேண்டாம் அத்தை, இப்போதுதான் தின்றேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு தட்டில் இருந்ததையெல்லாம் தின்றவள்தானே. அப்போது அம்மா உன் முதல் வார்த்தையை நம்பியிருந்தால் நீ பட்டினியாகப் போயிருப்பாய். நம்பாமல் இருந்ததுதானே அன்பு?

அந்தப் பலமனேர்ப் பெண் எப்படி உடனே வருகிறேன் என்று தந்தி அடித்தாள்? அவள் வீட்டில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லையா?

இன்னொன்று. நேற்று மாமா மறுபடி வந்தார். வாழைத்தார் ஒன்று கொண்டுவந்திருந்தார். மறுபடி கேட்டார். நைனா மறுபடி, "பொண்ணு சின்னது மச்சான், வேலையும் கத்துக்கல," என்றார். மாமா முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "சரி மாப்ள, மார்கழி பொறக்கறதுக்குள்ள ஒரு தபா வரேன், தட்டோட," என்று சொல்லிவிட்டு எழுந்தார். நைனா தலையாட்டினார்.

அவர் போன பிறகு கேட்டேன். "நைனா, நீ வேணாம்னு சொன்னியா, சரின்னு சொன்னியா?"

"வேணாம்னுதான் சொன்னேன்."

"அப்போ மாமா ஏன் தட்டோட வரேன்னாரு?"

நைனா தறியின் நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மூணாந்தபா வந்தா எப்படிம்மா இல்லேன்றது. ஒறவாச்சே," என்றார்.

திருப்பதியில் ஒரு வேண்டாம் சொன்னேன், கதவு மூடிவிட்டது. இங்கே இரண்டு வேண்டாம் சொல்லியாயிற்று, கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது. தூங்கினால் இரண்டும் கலந்து வருகிறது. பலகையில் மாமா என் கடிதத்தைக் குத்துவதுபோல.

வார்டனிடம் நீ போய்ச் சொல். நான் வர வேண்டும் என்றுதான் வேண்டாம் என்று எழுதினேன் என்று சொல். அப்படிச் சொன்னால் யாருக்காவது புரியுமா?

அம்சா

---

திருப்பதி
29.11.1959

அம்சா,

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். எனக்கும் புரியாமல் போய்விட்டது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வார்டன் கேட்டார்: "வர விருப்பம் இருந்ததா?" இருந்தது என்றேன். "வீட்டில் தடுத்தார்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் நெசவு வேலை என்று எழுதியது?" அது காரணம், நீங்கள்தான் ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தீர்கள் என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் மூன்று முறை அழைப்பார்கள் என்று விளக்கினேன். இன்னொரு கடிதம் போடுங்கள், உடனே வந்துவிடுவாள் என்று கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்னதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். "அந்தப் பெண் முடியாது என்று எழுதினாள். நான் நம்பினேன். மறுபடி அழைத்தால் அவள் வார்த்தையை நான் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால், அதைக் கேட்டு நம்புகிற ஓர் இடமாவது உலகத்தில் இருக்க வேண்டாமா, கன்னியம்மாள்?"

உன் அம்மா நம்பாமல் எனக்கு ஊட்டியது அன்பு. இவர் நம்பி உன்னை விட்டது மரியாதை. இரண்டில் எது பெரிது என்று இரண்டு நாளாக யோசித்துக் கணக்குப் பாடத்தில் அடி வாங்கினேன்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். கடிதம் எழுதமாட்டார். இடமும் இப்போது இல்லை. "அவளுக்கு வேண்டுமானால் அவளே வந்து, வேண்டும் என்று தன் வாயால் சொல்லட்டும். அப்போது பார்க்கலாம்," என்றார். பார்க்கலாம் என்றால் சரி என்றா, இல்லை என்றா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்றுதான் அர்த்தம் என்றார்.

நீ ரத்தினம்மா அக்காவிடமே ராட்டையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள். இவர் முன்னால் வந்து எப்படி நிற்பாய்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் மாமா தட்டோடு வருவதற்குள் ஏதாவது செய்.

கன்னி

---

நகரி
13.12.1959

கன்னி,

மாமா முந்தாநாள் வந்தார். அத்தையும் வந்தார். தட்டில் தேங்காய், வெற்றிலை, பூ, ஒரு மஞ்சள் சேலை. சேலை எங்கள் தெருவில் நெய்ததுதான். கரையைப் பார்த்ததும் எந்தத் தறி என்றுகூடத் தெரிந்தது.

"மாப்ள, மூணாந்தபா," என்றார் மாமா. பாயில் உட்காரும்போதே சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா நைனாவைப் பார்த்தாள். நான் காபி கொண்டுவந்தேன். டம்ளரை வைத்தேன், ஆனால் உள்ளே திரும்பிப் போகவில்லை. போகாமல் நின்றதே எல்லோருக்கும் விசித்திரமாகிவிட்டது. டம்ளரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன், பிறகு மாமாவைப் பார்த்தேன்.

"மாமா, இவ்ளோ தூரம் வந்து வந்து கூப்ட்டீங்க, சந்தோசம். என்னால வர முடியாதுன்றது வருத்தந்தான். நான் திருப்பதி போய் படிக்கணும். உங்க புள்ளைக்கு நல்ல பொண்ணா அமையட்டும்."

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

மாமா நைனாவிடம், "இன்னா மாப்ள இது? இது சும்மா சொல்ற வேணாமா, நெசமான வேணாமா?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியல மச்சான்," என்றார் நைனா. பொய் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். "நாலாந்தபா வந்தா இன்னா சொல்லுவே?"

"இதான் மாமா சொல்லுவேன்."

"அஞ்சாந்தபா?"

"காபி ஆறிடும் மாமா," என்றாள் அம்மா உடனே. அவள் தன் அண்ணனை மாமா என்று அழைத்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அவ்வளவு பதற்றம்.

மாமா காபியைக் குடித்தார். அத்தை குடிக்கவில்லை. தட்டை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டார். மாமா கோபமாகப் போனாரா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரு முனை வரை போய் நின்று திரும்பிப் பார்த்தார். நைனா வாசலில் நின்றிருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு மாமா போய்விட்டார். அம்மா அன்று சோறு தின்னவில்லை. நானும் தின்னவில்லை. நைனா தனியாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "யாராச்சும் ஒருத்தர் என்னிய துன்னுன்னு சொல்லுங்க," என்றார். அதற்கு அம்மா சிரித்தாள், அழுதுகொண்டே.

ராத்திரி நைனா கேட்டார். "அந்தம்மா கூப்புடலையே. கூப்புடாத எடத்துக்கு எப்படிப் போறது?"

"தெரியல நைனா."

"போனா இன்னா சொல்லுவாங்க?"

"அதுவும் தெரியல."

விளக்கை அணைத்துவிட்டு, "காலையில வண்டி எப்போ, தெரியுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். ரேணிகுண்டாவில் மாற வேண்டுமாம். மார்கழியில் யாரும் புதுக் காரியம் தொடங்கமாட்டார்கள் என்று ரத்தினம்மா அக்கா சொன்னார். கேள்வி கேட்கத் தொடங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இடமில்லை என்றால் தறியும் ராட்டையும் இங்கேதான் இருக்கின்றன, அடுத்த மாதம் மறுபடி போய்க் கேட்பேன். வார்த்தை வருமா என்று தெரியாது. வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு பாடமும் நீ அனுப்பவில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா?

நீ ஸ்டேஷனுக்கு வந்தால் நன்றாக இருக்கும். வர முடியாது என்றால் வர முடியாது என்றே எழுது. நான் நம்புவேன்.

அம்சவேணி